லாட்ஜ் நம்பர்: தலைக்கு ஒரு டாலர் கணக்கு

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ப்ராஜெக்டில் மாட்டினேன். அமெரிக்காவில் ஒரு சின்ன ஆயுள் காப்பீட்டு அமைப்பு. பேர் வேண்டாம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் நூறு வருஷத்துக்கு முன் ஆரம்பித்தது. அவர்களுடைய பாலிசி விவரங்கள் எல்லாம் பழைய மெயின்ஃபிரேமில் கிடந்தன. அதைப் புது சிஸ்டத்துக்கு மாற்ற வேண்டும். புரோகிராம்கள் எல்லாம் கோபாலில் எழுதியவை. (கோபால் ஆள் பேர் இல்லை, கம்ப்யூட்டர் மொழி. இந்த ஜோக்கைச் சொல்லாத ஆளே எங்கள் ஆபீஸில் கிடையாது.)

ஒரு பாலிசி ரெக்கார்டில் என்னென்ன இருக்கும்? பெயர், பிறந்த தேதி, காப்பீட்டுத் தொகை, பிரீமியம், வாரிசு. இதெல்லாம் சரி. நடுவில் நாலு இலக்கத்தில் ஒரு ஃபீல்டு: லாட்ஜ் நம்பர். நம்மூரில் லாட்ஜ் என்றால் ரூம் போடும் இடம். திருவல்லிக்கேணியில் இருந்து தொடங்கி எல்லாம் ஞாபகம் வந்தது. இன்சூரன்ஸ் பாலிசிக்கு எதுக்கு லாட்ஜ் நம்பர்? டெஸ்ட் டேட்டாவில் அதைக் காலியாக விட்டுப் பார்த்தேன். ரெக்கார்டே உள்ளே போகவில்லை. க்ளையன்ட்டிடம் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: லாட்ஜில் உறுப்பினர் இல்லை என்றால் பாலிசி கிடையாது.

மேனேஜர், "அப்படியே மேப் பண்ணிட்டுப் போய்யா" என்றார். பண்ணிவிட்டேன். ஆனால் விஷயம் மண்டையில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து கிடைத்த நேரத்தில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வரலாறு படித்தவன் இல்லை, பி.இ. தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் காலத்தைப் பார்த்துவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது வருஷமும் 20-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது வருஷமும். அயர்லாந்து, போலந்து, ஸ்லோவாக்கியா, குரோஷியா, இத்தாலி என்று கப்பல் கப்பலாக ஆட்கள் அமெரிக்காவில் இறங்குகிறார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், விவசாயக் குடும்பத்துப் பையன்கள். போன இடத்தில் கிடைத்த வேலை நிலக்கரிச் சுரங்கம், இரும்பாலை, ரயில்வே. பிட்ஸ்பர்க் பக்கத்து எஃகு ஆலைகளில் சாதாரணக் கூலியாளுக்கு 1907 வாக்கில் பத்து மணி நேர வேலைக்கு 1.65 டாலர். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செத்தால் என்ன? கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்று ஒரு இளம் வக்கீல். பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி கவுண்டியில் 1906 ஜூலையிலிருந்து 1907 ஜூன் வரை, ஒரே வருஷத்தில், வேலையிடத்தில் செத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கணக்கெடுத்தார். 526 பேர். ஒரே கவுண்டி. பல குடும்பங்களுக்கு முதலாளியிடமிருந்து வந்தது அடக்கச் செலவுக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. கோர்ட்டுக்குப் போனால் முதலாளிகளிடம் மூன்று பழைய வாதங்கள் தயாராக இருந்தன. ஆபத்தான வேலை என்று தெரிந்துதானே சேர்ந்தாய். கூட வேலை செய்தவன் தவறு, என் தவறு இல்லை. உன் பேரிலும் கொஞ்சம் கவனக்குறைவு இருக்கிறது. மூன்றில் ஒன்று எப்படியும் பொருந்திவிடும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பென்சில்வேனியாவில் நடைமுறைக்கு வந்தது 1916-இல்தான்.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் இல்லையா என்றால், இருந்தன. வாராவாரம் வீட்டு வாசலுக்கே வந்து அஞ்சு சென்ட், பத்து சென்ட் வாங்கிப்போகும் ஏஜென்ட்டுகளை வைத்து புரூடென்ஷியல், மெட்ரோபாலிடன் போன்றவை பெரிய வியாபாரம் செய்தன. அதில் கிடைப்பது அடக்கத்துக்குத்தான் போதும். விதவையும் நாலு பிள்ளைகளும் அடுத்த ரெண்டு வருஷம் சாப்பிட அது உதவாது. பெரிய தொகைக்குப் பாலிசி கேட்டால் சுரங்கத் தொழிலாளிக்குக் கதவு ஏறக்குறைய மூடித்தான் இருந்தது.

இந்த இடத்தில்தான் சகோதர சங்கங்கள் வருகின்றன.

கனெக்டிகட் மாநிலம், நியூ ஹேவன் நகரம். செயின்ட் மேரி தேவாலயத்தில் மைக்கேல் மக்கிவ்னி என்று ஒரு இளம் பாதிரியார். ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளை. அப்பா பித்தளை ஆலையில் வார்ப்பு வேலை பார்த்தவர். மக்கிவ்னி குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1873-இல், அப்பா போய்விட்டார். படிப்பை நிறுத்தவேண்டிய நிலைமை என்னவென்று அனுபவத்திலேயே தெரிந்தவர். அவர் பங்கில் குடும்பத் தலைவன் செத்தால் பிள்ளைகளை யார் பராமரிப்பது என்று கோர்ட் கேட்கும். சரியான பதில் இல்லாவிட்டால் பிள்ளைகள் வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான். 1882-இல் அப்படி ஒரு குடும்பத்துப் பையனுக்கு அவரே கார்டியனாகக் கோர்ட்டில் நின்றார். எத்தனை பையன்களுக்கு ஒரே பாதிரியார் நிற்க முடியும்?

அதற்கு முந்தைய வருஷம் அக்டோபரிலேயே தேவாலயத்தின் நிலவறையில் ஆட்களைக் கூட்டிப் பேச ஆரம்பித்திருந்தார். 1882 மார்ச்சில் சங்கம் பதிவானது. நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ். திட்டம் ரொம்ப எளிமை. உறுப்பினர் இறந்தால் விதவைக்கு 1,000 டாலர். அதற்காக ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு டாலர் போடவேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் போனால் ஆளுக்குரிய பங்கு ஒரு டாலரை விடக் குறையும். வயசு வித்தியாசம் கிடையாது, இருபதோ நாற்பதோ ஒரே பங்கு. நோயில் படுத்தால் வாரம் 5 டாலர் வரைக்கும், 13 வாரம். அதற்கு மேலும் படுத்திருந்தால் எவ்வளவு கொடுப்பது என்பதை அவருடைய உள்ளூர்க் கிளை முடிவு செய்யும்.

இந்தத் தலைக்கு ஒரு டாலர் யோசனை மக்கிவ்னி கண்டுபிடித்தது இல்லை. 1868-இல் பென்சில்வேனியாவின் மெட்வில் ஊரில் ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்ற ரயில்வே மெக்கானிக் ஆரம்பித்த ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் வொர்க்மென் என்ற சங்கம்தான் அதைப் பரப்பியது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் சண்டையைத் தீர்க்கப்போகிறோம் என்று தொடங்கிய சங்கம் அது. அந்த லட்சியம் யாருக்கும் ஞாபகம் இல்லை, பக்கவாட்டில் சேர்த்த இன்சூரன்ஸ்தான் நின்றது. அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான சங்கங்கள் முளைத்தன. குடியேறிகள் அதை அவரவர் மொழியில் செய்துகொண்டார்கள். போலிஷ்காரர்களுக்கு 1880-இல் போலிஷ் நேஷனல் அலையன்ஸ். நார்வேகாரர்களுக்கு 1895-இல் மினியாபொலிஸில் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஆரம்பித்த சன்ஸ் ஆஃப் நார்வே. ஸ்லோவாக்குகளுக்கு 1890 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கில் நேஷனல் ஸ்லோவாக் சொசைட்டி, மதம் பார்க்காமல் எல்லோருக்கும். அதே வருஷம் செப்டம்பரில் கிளீவ்லண்டில் ஸ்டீபன் ஃபுர்டெக் என்ற பாதிரியார் கத்தோலிக்கர்களுக்கென்று தனியாக ஒன்று, யெட்னோட்டா. அந்த வார்த்தைக்கு ஸ்லோவாக்கில் 'ஒற்றுமை' என்று பொருள்! ஏழு மாசத்தில் ரெண்டு சங்கம், ரெண்டாவதன் பேர் ஒற்றுமை. நம்மூர் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பெண்களுக்கு அதில் இடம் இல்லை என்றதும் ஆனா ஹுர்பன் என்ற பெண்மணி 1892-இல் கிளீவ்லண்டிலேயே ஸ்லோவாக் பெண்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். வீட்டில் போர்டர்களுக்குச் சமைத்துப்போட்டுச் சம்பாதிக்கும் பெண் செத்தால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்பது அவர்களுக்குத்தானே தெரியும். அது இன்றைக்கும் இருக்கிறது.

சரி, லாட்ஜ். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஊர் ஊராகக் கிளைகள். கிளைக்குப் பேரும் நம்பரும் உண்டு. அதுதான் என் ஃபீல்டு.

இந்தச் சங்கங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாட்டு, நடனம், அணிவகுப்பு, ரகசியச் சடங்கு இவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். இன்சூரன்ஸ் ஏதோ கூடவே கொடுத்தது மாதிரி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, லாட்ஜ்தான் அந்த இன்சூரன்ஸின் இயந்திரமே. ஒரு உதாரணம், நோய்க்கால உதவி. எனக்கு முதுகுவலி, வேலைக்குப் போகமுடியவில்லை என்று ஒருத்தன் சொன்னால் உண்மையா பொய்யா என்று கம்பெனி எப்படிக் கண்டுபிடிக்கும்? அதனால்தான் கம்பெனிகள் அந்தப் பக்கமே போகவில்லை. லாட்ஜுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நோயாளியைப் பார்க்கும் கமிட்டி என்று ரெண்டு மூணு பேரை நியமிப்பார்கள். ஆறுதல் சொல்லப் போகிறார்கள் என்று பேர். கண்ணால் பார்த்துவிட்டு வந்து கூட்டத்தில் சொல்வார்கள். குடித்துவிட்டு விழுந்தது, சண்டையில் அடிபட்டது இதற்கெல்லாம் பணம் கிடையாது என்று விதிகளிலேயே இருக்கும். அதே கிராமத்திலிருந்து வந்தவன், அதே ஷிஃப்ட், பக்கத்து வீடு. அவனிடம் முதுகுவலி நாடகம் எத்தனை நாள் ஆடமுடியும்?

சாவுக்கும் அப்படியே. உறுப்பினர் அடக்கத்துக்கு எல்லோரும் வரவேண்டும், வராவிட்டால் அபராதம் என்று வைத்திருந்த லாட்ஜுகள் நிறைய. அந்தக்கால பேட்ஜ் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். நெஞ்சில் குத்திக்கொள்ளும் ரிப்பன். ஒரு பக்கம் வண்ணமாக, பொன் எழுத்துக்களோடு, திருவிழா அணிவகுப்புக்கு. திருப்பிப்போட்டால் மறுபக்கம் கறுப்பில் வெள்ளி எழுத்து, சாவுக்கு. ஒரே பேட்ஜ். எந்தப் பக்கத்தை எத்தனை தடவை மாட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே அன்றைக்குத் தூங்கப்போனேன்.

ஆனால் ஒரே ஊர், ஒரே வேலை என்பதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. 1907 டிசம்பர் 6, மேற்கு வர்ஜீனியாவின் மொனொங்கா சுரங்கத்தில் வெடிப்பு. அதிகாரபூர்வக் கணக்கு 362 பேர். பதிமூணு நாள் கழித்து, டிசம்பர் 19, பென்சில்வேனியாவில் டார் சுரங்கம், 239 பேர். டாரில் இன்னும் அதிகம் செத்திருப்பார்கள். கிழக்கத்திய முறைக் கத்தோலிக்கர்களான ருசின் தொழிலாளிகள் பலர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, அவர்கள் நாள்காட்டிப்படி அன்று புனித நிக்கோலஸ் திருநாள். இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஊரில் ஐம்பது பேர் கொண்ட ஒரு லாட்ஜ், ஐம்பது பேரும் அதே சுரங்கம். ஒரே காலையில் முப்பது பேர் போனால் மீதி இருபது பேர் என்ன செய்வார்கள்? அதனால்தான் லாட்ஜுகள் தனித்தனியாக நிற்காமல் தேசிய அளவில் ஒன்றாகச் சேர்ந்தன. நோய் உதவியைப் பெரும்பாலும் உள்ளூர் லாட்ஜ் பார்த்துக்கொள்ளும், அதற்குக் கண் வேண்டும். சாவுப் பணம் தலைமைச் சங்கத்திடமிருந்து வரும், அதற்குக் கூட்டம் வேண்டும். எந்த வேலையை எந்த அடுக்கில் வைப்பது என்று நாங்கள் மாசக்கணக்கில் மீட்டிங் போட்டுச் செய்யும் முடிவு. இவர்கள் நிலவறையில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். இந்தப் பதிவு எழுத முக்கியக் காரணமே இதுதான்.

தலைக்கு ஒரு டாலர் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற மாதிரி. எங்கே உதைக்கிறது? அமெரிக்காவில் அப்போது புழக்கத்திலிருந்த இறப்பு அட்டவணை ஒன்று இருக்கிறது, 1868-இல் ஷெப்பர்ட் ஹோமன்ஸ் வெளியிட்டது. அதன்படி 30 வயசுக்காரர்கள் ஆயிரம் பேரில் ஒரு வருஷத்தில் 8.43 பேர் சாவார்கள். 40 வயசில் 9.79. ஐம்பதில் 13.78. அறுபதில் 26.69. எழுபதில் கிட்டத்தட்ட 62.

ஆயிரம் பேரும் முப்பது வயசுக்காரர்கள் என்றால் ஆளுக்கு வருஷத்துக்கு எட்டரை டாலர் ஆகும். 1.65 டாலர் கூலியில் ஐந்து நாள் சம்பளம். சமாளிக்கலாம். அதே ஆயிரம் பேர் (செத்தவர்களுக்குப் பதில் அதே வயசு ஆட்கள் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்) அறுபது வயசானதும் 27 டாலர். எழுபதில் 62 டாலர், அதாவது முப்பத்தேழு நாள் கூலி. எழுபது வயசில் அந்தக் கூலியும் யார் கொடுப்பார்கள்?

அப்படி எல்லோரும் ஒன்றாகக் கிழவர்கள் ஆகமாட்டார்கள், புது ரத்தம் வந்துகொண்டே இருக்கும், சராசரி வயசு ஏறாது என்பதுதான் சங்கக்காரர்களின் பதில். இந்தப் புது ரத்தம் வாதம் ரொம்ப நாள் ஓடியது. அதையும் போட்டுப் பார்ப்போம். ஐநூறு பேர் முப்பது, ஐநூறு பேர் அறுபது. வருஷத்துக்கு நாலு இளைஞர்களும் பதிமூணு கிழவர்களும் சாவார்கள். மொத்தம் பதினேழரை சாவு, ஆளுக்குப் பதினேழரை டாலர். முப்பது வயசுக்காரனுடைய சொந்த ஆபத்துக்கு விலை எட்டரைதான். அவன் ரெண்டு மடங்கு கட்டுகிறான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இளைஞர்கள் மட்டும் சேர்ந்து புதுச் சங்கம் ஆரம்பித்தால் எட்டரை டாலரில் முடிந்துவிடும். எவ்வளவு நாள் சகோதரத்துவத்துக்காக இருப்பான்? அவன் போனதும் மீதி ஐநூறு கிழவர்கள். ஒரு சாவுக்குத் தலைக்கு ஒரு டாலர் போட்டால் 500 டாலர்தான் தேறும். சொன்ன 1,000 கொடுக்கவேண்டும் என்றால் தலைக்கு ரெண்டு டாலர். அதைக் கட்டமுடியாமல் முதலில் விலகுகிறவன் ஓரளவு ஆரோக்கியமானவனாகத்தான் இருப்பான். படுத்த படுக்கையாக இருப்பவன் எப்படியாவது கடன் வாங்கியாவது கட்டுவான். ஆக, மீதி இருப்பவர்களில் சாவு விகிதம் இன்னும் ஏறும். முடிவில்லாத லூப்.

அப்படியென்றால் சரியான வழி என்ன? கம்பெனிகள் செய்வது போல, வாழ்நாள் முழுக்க ஒரே பிரீமியம். 30 வயசில் சேர்ந்தால் அதே அட்டவணைப்படி, மூணரை சதவீத வட்டியில், நிர்வாகச் செலவு சேர்க்காமல், 1,000 டாலருக்கு வருஷம் ஏறத்தாழ 17 டாலர் வரும். இளமையில் தேவையைவிட இரட்டிப்பாகக் கட்டி, மிச்சத்தை இருப்பு நிதியாகச் சேர்த்து, முதுமையில் அதைத் தின்பது. சங்கங்கள் இதை ஏளனம் செய்தன. எதற்கு ஒரு கம்பெனி ஜெனரல் மேனேஜரிடம் பணத்தைக் குவித்து வைக்கவேண்டும், எங்கள் இருப்பு நிதி எங்கள் உறுப்பினர் பாக்கெட்டிலேயே இருக்கிறது என்றார்கள்.

இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. 1870-களில் அமெரிக்காவில் ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூழ்கின. 1905-இல் நியூயார்க்கில் ஆம்ஸ்ட்ராங் கமிட்டி விசாரணை நடந்தபோது பெரிய கம்பெனிகள் பாலிசிதாரர் பணத்தில் என்னென்ன ஆட்டம் போட்டன என்பது சந்திக்கு வந்தது. குவித்து வைத்த பணத்தைக் கண்டு பயந்தவர்களுக்குப் பயப்பட நல்ல காரணம் இருந்தது. கணக்கில்தான் தோற்றார்கள்.

தோற்றதன் விலையைக் கட்டியவர்கள் கிழவர்கள். 1890-களிலேயே சங்கங்களின் கூட்டமைப்பான நேஷனல் ஃபிரேட்டர்னல் காங்கிரஸ் விழித்துக்கொண்டு 1898-இல் தனக்கென்று ஒரு இறப்பு அட்டவணை போட்டது. மாநில அரசுகளும் நெருக்க ஆரம்பித்தன. 1910, 1912-இல் வந்த மாதிரிச் சட்டங்கள் சங்கங்கள் கணக்குப்படி நிமிரவேண்டும் என்று கெடு வைத்தன. சங்கங்கள் கட்டணத்தை வயசுவாரியாக மாற்றின. காகிதத்தில் இது எளிது. நேரில் எப்படி என்றால், இருபத்தைந்து வருஷம் ஒரு சாவு விடாமல் டாலர் போட்டவனிடம் போய், அண்ணே, நீங்கள் இதுவரை கட்டியது எல்லாம் அப்போது செத்தவர்களுக்குப் போய்விட்டது, உங்களுக்கென்று ஒரு காசு சேரவில்லை, இன்றைய உங்கள் வயசுக்கு இனி இவ்வளவு என்று சொல்லவேண்டும். அந்த வயசில் வேறு கம்பெனியும் அவனைச் சேர்க்காது.

சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ராயல் ஆர்கானம் என்ற சங்கம் 1905-இல் கட்டணத்தை ஏற்றியது. இது குடியேறிகள் சங்கம் இல்லை, ஆனால் தீர்ப்பு எல்லோரையும் பாதித்தது. 1883-இல் சேர்ந்த கிரீன் என்ற உறுப்பினர், சேரும்போது சொன்ன கட்டணம்தான் ஒப்பந்தம் என்றார். நியூயார்க் கோர்ட் அவர் பக்கம். 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது. சங்கம் பதிவான மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டம்தான் செல்லும், அதன்படி சங்கம் கட்டணத்தை ஏற்றலாம் என்றது. உறுப்பினர் என்பவன் வெறும் வாடிக்கையாளன் இல்லை, சங்கத்தின் ஒரு பகுதி, அதன் விதிகள் மாறினால் அவனையும் சேர்த்துத்தான் மாறும் என்பது இதன் உள்ளர்த்தம். சகோதரன் என்று கூப்பிட்டதற்குச் சட்டம் கொடுத்த பொருள். கட்டணம் ஏறிய பிறகு, 4 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வைத்திருந்த அப்சர்ச்சின் சங்கம் மளமளவென்று கரைந்தது.

என் ஆபீஸில் பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடு ஒன்று உண்டு. விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரலாம், பெற்றோர் வயசு எதுவானாலும் ஒரே பிரீமியம். அம்மா அப்பா ஆரோக்கியமாக இருக்கும் இளைஞர்கள் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பேர் விலகுகிறார்கள். பிரீமியம் ஏறுகிறது. என் அப்பாவுக்கு 76. முதல் வருஷம் சேர்ந்தபோது எனக்கு அந்த ஐநூறு ஐநூறு கணக்கு தெரியாது. இப்போது ஹெச்.ஆரிடமிருந்து வரும் மெயிலைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கணக்குதான் கண்ணில் வருகிறது. பக்கத்து சீட் பையன் விலகினான் என்றால் கோபப்பட முடியவில்லை. அவன் கணக்கு சரி.

குடியேறிகள் சங்கங்களுக்குத் திரும்புவோம். அவர்களுக்குப் புது ரத்தம் என்பது ரொம்ப நேரடியான பொருளில் கப்பலில் வந்தது. முதல் உலகப்போருக்கு முன் சில வருஷங்களில் பத்து லட்சம் பேருக்கு மேல் இறங்கினார்கள். ஸ்லோவாக் பேசும் இருபது வயசுப் பையன் வந்து இறங்கினால் மறு மாசமே லாட்ஜில் சேர்ந்துவிடுவான், வேறு யாரைத் தெரியும் அவனுக்கு? 1914-இல் போர் வந்து அதை நிறுத்தியது. 1924-இல் வந்த குடியேற்றச் சட்டம் ஒரேயடியாக அடைத்தது. 1890 மக்கள்தொகைக் கணக்கில் இருந்த ஒவ்வொரு நாட்டவர் எண்ணிக்கையில் ரெண்டு சதவீதம்தான் வருஷத்துக்கு அனுமதி. 1890-இல் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் ரொம்பக் குறைவு, அதனால்தான் அந்த வருஷத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வாஷிங்டனில் போட்ட ஒரு சட்டம் ஒரு மொழிக்காரர் சங்கத்தின் சராசரி வயசை வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டே போனது. அதற்குள் அட்டவணைக்கு மாறியிருந்த சங்கங்கள் பிழைத்தன. பிறகு பிள்ளைகள் பேரில் பாலிசி, ஆங்கிலம் பேசும் லாட்ஜ், பேஸ்பால், பௌலிங் என்று அடுத்த தலைமுறையை இழுக்கப் பார்த்தார்கள்.

யார் உள்ளே வரமுடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அப்சர்ச்சின் சங்கம் வெள்ளை ஆண்களுக்கு மட்டும். கறுப்பினத்தவர்களுக்கு புரூடென்ஷியல் கம்பெனி 1881-இலேயே அதே பிரீமியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்துத்தான் கொடுத்தது. இதற்கு நேர் எதிராக 1930-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் வொர்க்கர்ஸ் ஆர்டர் யூதர், ஸ்லோவாக், இத்தாலியர், கறுப்பினத்தவர் எல்லோரையும் ஒரே கட்டணத்தில் சேர்த்தது. கம்யூனிஸ்ட் சார்புள்ள சங்கம். அதன் கணக்கு வழக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. 1950-களில் நியூயார்க் மாநிலம் அரசியல் காரணம் காட்டி அதைக் கலைத்துவிட்டது. அது தனிப் பதிவாக எழுதவேண்டிய கதை, பாதி எழுதி வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு இந்தச் சங்கங்களில் மிச்சமிருப்பவை பாலிசியும் ஆன்யுட்டியும் விற்கின்றன. கூடவே கல்வி உதவித்தொகை, பத்திரிகை, நாட்டுப்புற நடன வகுப்பு. நோயாளியைப் பார்க்கப்போகும் கமிட்டி இல்லை, அதற்கு அவசியமும் இல்லை. ஆனாலும் லாட்ஜ் ஏன் இருக்கிறது? வருமான வரிச் சட்டம். 501(சி)(8) என்ற பிரிவின்படி, லாட்ஜ் முறையில் இயங்கி உறுப்பினர்களுக்கு ஆயுள், நோய், விபத்து உதவிகள் கொடுக்கும் சங்கத்துக்கு வரிவிலக்கு. லாட்ஜ் முறை இல்லை என்றால் விலக்கு இல்லை. 1909 வரிச் சட்டத்திலேயே இதே வாசகம் வந்துவிட்டது. லாட்ஜுகள் மாசம் ஒரு தடவையாவது கூட வேண்டும் என்று பல மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. என் டெஸ்ட் ரெக்கார்டை உள்ளே விடாமல் தடுத்தது இதுதான்.

அதே ப்ராஜெக்டில் பாலிசிப் படிவங்களையும் படிக்கவேண்டியிருந்தது. அதில் ஒரு ஷரத்தை அன்று புரியாமல் தாண்டிப் போனேன். பிறகு மற்ற சங்கங்களின் படிவங்களிலும் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. சங்கத்தின் இருப்பு நிதி தேவைக்குக் கீழே போனால், குறைகிற தொகையில் உறுப்பினரின் பங்கைச் சங்கம் கேட்கலாம். அவர் கட்டாவிட்டால் அது பாலிசி மேல் கடனாக ஏறி வட்டியோடு வளரும், அல்லது பலனைக் குறைத்துக்கொள்ள அவர் சம்மதிக்கலாம். சாதாரணக் கம்பெனி பாலிசியில் இப்படி ஒரு ஷரத்து கிடையாது. கம்பெனி மூழ்கினால் மாநில உத்தரவாத நிதி வரும். பெரும்பாலான மாநிலங்களில் சகோதர சங்கங்கள் அந்த நிதியில் சேராது. குறை விழுந்தால் உறுப்பினர்கள்தான் தலைக்கு இவ்வளவு என்று போட்டுக்கொள்ளவேண்டும்.

பழைய கோபால் ரெக்கார்டில் அந்தக் கடனுக்கும் ஒரு ஃபீல்டு இருந்தது, ஒன்பது இலக்கம். எல்லா ரெக்கார்டிலும் பூஜ்யம். யாரோ ஜூனியர் பையன், யூஸ் ஆகவே இல்லையே, எடுத்துவிடலாமா என்று கேட்டான். க்ளையன்ட் பக்கத்தில் முப்பது வருஷமாக இருந்த ஒரு அம்மா போனிலேயே சிரித்துவிட்டு, வேண்டாம், இருக்கட்டும் என்றார். அதையும் அப்படியே மேப் பண்ணினோம்.